போணிக்கு உன் பெயர்

அன்புள்ள மகனுக்கு,

நானும் உன் அம்மாவும் நலம். எடைமேடைக் கம்ப்யூட்டரும் நலம். தீபாவளி கழிந்ததிலிருந்து அது ஊர்ந்துகொண்டு கிடக்கிறது என்று ஞாயிறு தவறாமல் உன்னிடம் புலம்பியவன் இன்றைக்கு இப்படி எழுதுகிறேனே என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். ஆனால் நாளைக்கு நீ வழக்கம்போல கடல் கடந்து அங்கிருந்தே இண்டர்நெட் இணைப்பில் வந்து, போன வாரம் சொன்ன வேலையைச் செய்வதற்கு முன்னால் இதை முழுதாகப் படித்துவிடு. "அப்பா, அந்த மெஷின்ல என் பேர்ல ஒரு அக்கவுண்ட் சும்மாதான கிடக்கு, அடுத்த வாரம் அதை அழிச்சிருதேன், கொஞ்சம் லேசாவும்" என்று சொன்னாய். நான் "சரிப்பா" என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு இந்த வாரம் முழுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நீ "சொல்லுங்கப்பா" என்றதும் எனக்கு மழை, உளுந்து விலை, அம்மாவின் முட்டுவலி தவிர வேறொன்றும் வாயில் வருவதில்லை. அதனால்தான் சனிக்கிழமை மதியம், லாரி வரத்து இல்லாத நேரமாகப் பார்த்து, அதே கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

தீபாவளிக்கு நீ வந்தபோது முதல் இரண்டு நாள் வீட்டில் இருந்தாய். அப்புறம் ஒருநாள் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்க பசுவந்தனை ரோட்டில் நம் எடைமேடைக்கு வந்தவன், கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாய். "இந்த ஓ.எஸ். செத்து எவ்வளவு நாளாச்சு தெரியுமாப்பா? இதுல வைரஸ் புகுந்தா உங்க எடைச்சீட்டு மொத்தமும் போயிரும்" என்றாய். எனக்கு அது சாகவில்லை. காலையில் பொத்தானை அமுக்கினால் வரும், லாரி மேடையில் ஏறினால் எடை காட்டும் பெட்டியில் சிவப்பு எண் ஓடும், அந்த எண்ணைக் கம்ப்யூட்டர் வாங்கிச் சீட்டு அடிக்கும். அதற்கு மேல் அதனிடம் நான் என்ன கேட்டேன்? ஆனாலும் நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒப்புக்கொண்டேன். அதன்பிறகு நீ ஊருக்குப் போகும்வரை அந்த அறையை விட்டு எழுந்திருக்கவில்லை. பழையதைக் கழற்றிப் புதியதைப் போட்டாய். எடைப் பெட்டிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவிலுள்ள வயருக்குப் புதிய ஓ.எஸ்.ஸில் ஏதோ கிடைக்கவில்லை என்று எங்கெங்கோ தேடி எடுத்தாய். பணியாரம் சுட்டுத் தூக்குவாளியில் கொண்டுவந்த உன் அம்மா வாசலில் நின்றபடியே சொன்னாள்: "வந்த புள்ள முகத்தைப் பாக்கணும்னு கிடந்தேன். முதுகைத்தான் பாத்துட்டு இருக்கேன். இவிய ரெண்டு பேருக்கும் அந்தப் பெட்டிதான் பெருசு." நீ திரும்பாமலே வாயை மட்டும் திறந்தாய். அவள் ஒரு பணியாரத்தைத் திணித்துவிட்டுப் போனாள்.

வேலை முடிந்து திரையில் இரண்டு பெயர்கள் வந்தன. ஒன்று என்னுடையது. அதற்குக் கீழே உன்னுடையது, வட்டத்துக்குள் உன் சின்னப் படத்தோடு. ஏதாவது புதிதாகப் போடவேண்டியிருந்தால் மட்டும் உன் பெயர் வழியாகப் போகவேண்டும், மற்றபடி அதைத் தொடவேண்டாம் என்றாய். பாஸ்வேர்டையும் சொன்னாய். நீ சின்ன வயதில் வளர்த்த வெள்ளாட்டுக்குட்டியின் பெயர். அதை இங்கே எழுதமாட்டேன். எங்கேயும் எழுதி வைக்கக் கூடாது என்று நீதானே சொன்னாய். மறுநாள் உன்னையும் மருமகளையும் மதுரையில் விமானம் ஏற்றிவிட்டு வந்தோம். அன்றைக்கு வீட்டில் சோறு மிஞ்சியது. அம்மா அளவு தெரியாமல் நாலு பேருக்கு உலை வைத்துவிட்டாள்.

அதற்கு அடுத்த வாரமே கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது. லாரி மேடையில் நிற்கும், பெட்டியில் எண் ஓடி நிற்கும், திரையில் மட்டும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். சீட்டு அடிப்பதற்குள் பின்னால் வண்டிகள் ரோடு வரைக்கும் நிற்க ஆரம்பித்தன. வேலிக்கருவைக் கரி ஏற்றி வருகிற லாரி டிரைவர் செல்வத்தை உனக்குத் தெரியும், அவன் வாயையும் தெரியும். ஜன்னலில் தலையை நீட்டி, "அண்ணாச்சி, சீட்டு வருதா, இல்ல நான் எட்டயபுரம் போய் டீ குடிச்சிட்டு வரட்டா? லோடு ஏத்தும்போது கரியா இருந்துச்சு, இங்கன நிக்க நிக்கச் சாம்பலாயிரும் போலயே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் கயத்தாறு பக்கத்திலிருந்து வாடிக்கையாக வந்த இரண்டு வண்டிகள் நாலுவழிச்சாலை மேடைக்கு மாறிவிட்டன. அன்றைக்கு ராத்திரி கம்ப்யூட்டர் படுத்ததை உன்னிடம் போனில் சொன்னபோது அதையும் சொன்னேனா என்று ஞாபகமில்லை. சொல்லியிருக்க மாட்டேன். நீ போட்ட ஓ.எஸ்.ஸால் இப்படி ஆயிற்று என்று நீ எடுத்துக்கொள்வாயே.

ஞாயிற்றுக்கிழமைகள் அப்படித்தான் ஆரம்பித்தன. உனக்குக் காலை, எனக்குச் சாயங்காலம். மேடைக்கு அன்று விடுமுறை. நான் போய் ஷட்டரைத் தூக்கி, கம்ப்யூட்டரைப் போட்டு, என் பெயரில் உள்ளே போய் உனக்காகக் காத்திருப்பேன். இணைப்புக்காகத் திரையில் வருகிற எண்ணை நீ கேட்பாய், சொல்வேன். கொஞ்ச நேரத்தில் திரையில் அம்புக்குறி தானாக நகரும். அதை எப்படிச் சொல்வேன்? நான் கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வேன். அம்பு இங்கே போகும், அங்கே போகும், ஒரு இடத்தில் நின்று யோசிக்கும். நீ யோசிக்கும்போது அப்படித்தான், பேச்சே இருக்காது. கடல் கடந்து கிடக்கிற பிள்ளை என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான் என்று எனக்கு உடம்பே சொல்லும். ஒருநாள் அம்மா கூட வந்தாள். அம்பு நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், பிளாஸ்கிலிருந்து இரண்டு டம்ளர் காப்பி ஊற்றி ஒன்றை எனக்குக் கொடுத்தாள். இன்னொன்றைத் திரைக்கு முன்னால் வைத்தாள். ஆறிப்போன பிறகு அவளே எடுத்துக் குடித்தாள்.

நீயும் சும்மா இருக்கவில்லை. கம்ப்யூட்டர் எழும்போதே கூடவே எழுந்துகொள்கிற புரோகிராம்களை எல்லாம் நிறுத்தினாய். புதிய ஓ.எஸ். வந்ததும் உள்ளே இருக்கிற ஃபைலையெல்லாம் எண்ணி அடுக்கிக்கொண்டிருக்கும், சில நாள் பொறுங்கள் என்றாய், பொறுத்தோம். வைரஸ் தடுப்பு இரண்டு இருந்து ஒன்றையொன்று மல்லுக்கட்டுகிறது என்று ஒன்றை எடுத்தாய். திரையின் மினுக்கல் தளுக்கலை நிறுத்தினாய். கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து தூசி தட்டச் சொன்னாய், தட்டினேன். நம் கரிசல் மண் ஒரு கைப்பிடி இருந்தது, கொத்தமல்லி விதைத்தால் முளைத்திருக்கும். டாஸ்க் மேனேஜர் என்ற பட்டியலைத் திறந்து எது எவ்வளவு இடம் தின்கிறது என்று பார்க்கக் கற்றுக்கொடுத்தாய். எல்லாம் செய்தும் ஞாயிறு சாயங்காலம் கன்றுக்குட்டி மாதிரி துள்ளும் கம்ப்யூட்டர், திங்கள் காலையில் சினைமாடாகிவிடும். "இப்ப நல்லாத்தான ஓடுது?" என்று நீ கேட்பாய். ஆமாம் என்பேன். ஒருநாள் நீ சிரித்துக்கொண்டே கேட்டாய்: "அப்பா, உண்மையைச் சொல்லுங்க. என்னைய வரவழைக்கணும்னே மெதுவா ஓடுதுன்னு சொல்லுதீங்களா?" நானும் சிரித்தேன். ஆனால் அது எனக்கு வலித்தது. உன்னை வரவழைக்கப் பொய் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்றும் இருந்தது.

அம்மாவுக்குப் புதிய ஓ.எஸ். மேல்தான் கோபம். "பழசு பாட்டுக்கு ஓடிச்சு. புதுசு வந்த நேரம்" என்றாள். அவள் அதைச் சொன்னதும் எனக்கு மருமகள் ஞாபகம் வந்தது. கல்யாணம் முடிந்து அவள் நம் வீட்டுக்கு வந்த அன்றைக்குத்தானே போர்வெல் மோட்டார் எரிந்தது? உன் அத்தை "வந்த நேரம்" என்று வாயைத் திறந்தாள். அப்போது இதே அம்மாதான் அத்தையை முறைத்த முறையில் வாயை மூட வைத்தாள். மோட்டாரில் ஒரு வாரமாகவே கருகல் வாடை அடித்துக்கொண்டிருந்தது எனக்கும் உன் அம்மாவுக்கும் தெரியும். இதை அம்மாவிடம் ஞாபகப்படுத்தினேன். "அது மருமக. இது மெஷினு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். புதிதாக ஒன்று வீட்டுக்குள் வந்ததும், முன்பே இருந்த கோளாறையும் அதன் தலையில் கட்டிவிடுவது நமக்குச் சுலபம். நீயும் இப்போது குடித்தனக்காரன், இதை மட்டும் மனதில் வை. கோளாறு தென்பட்டால், நாம் பழைய பழக்கமாக என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று முதலில் பார்.

நான் அதைப் பார்க்கவில்லை. என் பழைய பழக்கம் என்ன என்று உனக்குச் சொல்கிறேன். நீ ஒன்றாம் வகுப்பு போகும்போதிலிருந்து, பள்ளிக்கூடம் போகிற வழியில் உன்னை மேடையில் இறக்கி, நாளின் முதல் வண்டிக்குச் சீட்டு அடிக்கிற பொத்தானை உன்னை அமுக்கச் சொல்வேன். போணி உன் கையால். உனக்குக் கைராசி என்று லாரிக்காரர்களே சொல்வார்கள். "அண்ணாச்சி, சின்னவரு கை வைக்கட்டும்" என்று நீ வரும்வரை வண்டியை மேடையில் ஏற்றாமல் ஓரங்கட்டி நின்ற ஆட்கள் உண்டு. காலேஜ் போனபின் நீ இதைக் கிண்டல் செய்ய ஆரம்பித்தாய். "கைராசிலாம் சும்மாப்பா, மழை பேஞ்சா லோடு வருது" என்பாய். சரிதான். ஆனாலும் நீ ஊரை விட்டுப் போன நாளிலிருந்து என் விரலால் போணி போடும்போதெல்லாம் எனக்கு என்னமோ குறைவது போலவே இருந்தது. இந்தத் தீபாவளிக்குப் பிறகு திரையில் உன் பெயர் வந்ததா, உன் படமும் வந்ததா, எனக்கு விட மனசில்லை. தினமும் காலையில் சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிவிட்டு, முதலில் உன் பெயரைத் தொடுவேன். ஆட்டுக்குட்டியின் பெயரைத் தட்டுவேன். உன் திரை திறந்ததும், போணி ஆயிற்று என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, அப்படியே 'ஸ்விட்ச் யூசர்' போட்டு என் பெயருக்கு மாறி வேலையைத் தொடங்குவேன். தொடவேண்டாம் என்று நீ சொல்லியிருந்தாய். நான் எதையும் தொடவில்லை, கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பது போலத்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை எடை கிடையாது. எடை இல்லாத நாளில் போணி ஏது?

நேற்று வெள்ளிக்கிழமை நான் ஷட்டரைத் தூக்கும்போதே ஒரு ஆட்டு லாரி வாசலில் நின்றது. எட்டயபுரம் சந்தைக்கு முந்தின நாளே போகிறவர்கள். ஆடுகள் கத்துகிற கத்தலில் காது கிழிந்தது. "அண்ணாச்சி, வெயில் ஏறுனா ஆடு சுருண்டுக்கிடும், சட்டுனு போட்டு விடுங்க" என்று ஒரு கோனார் கையெடுத்துக் கும்பிட்டார். ஊதுபத்தியும் இல்லை, உன் பெயரும் இல்லை, நேராக என் பெயரில் போய்ச் சீட்டு அடித்தேன். அடித்த கையோடு வந்தது. அடுத்த வண்டிக்கும் அப்படியே. கரி லாரி செல்வம் சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மெஷினை மாத்திட்டீங்களா அண்ணாச்சி?" என்றான். இல்லையே என்றேன். பொழுது முழுக்க வரிசை இல்லாமல் வண்டி போயிற்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலம் ஷட்டரை இறக்கும்போதுதான், இன்றைக்கு ஒன்றை மறந்துவிட்டோமே என்று உறைத்தது. சந்தோஷமெல்லாம் அப்படியே அடங்கிவிட்டது.

இன்று காலை வேண்டுமென்றே பழையபடி செய்தேன். உன் பெயர், பிறகு என் பெயர். வட்டம் சுற்ற ஆரம்பித்தது. நீ கற்றுக்கொடுத்த பட்டியலைத் திறந்து, 'யூசர்ஸ்' என்று இருக்கிற பக்கத்தைத் தட்டிப் பார்த்தேன். இரண்டு பேர். நான் ஒருவன், நீ ஒருவன். மாறினால் நீ போய்விட்டாய் என்று நான் நினைத்திருந்தேன். நீ போகவே இல்லை. நான் எடை போட்டுக்கொண்டிருந்த நாளெல்லாம் நீயும் உள்ளே இருந்திருக்கிறாய். என்னைவிட நீதான் அதிக இடம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. வாடிக்கை போயிற்று, செல்வம் வாயில் விழுந்தேன், எல்லாம் உன்னைத் தெரியாமல் உள்ளே உட்கார வைத்திருந்ததற்காக. அப்படியென்றால் பரவாயில்லை என்றுதான் முதலில் தோன்றியது.

நீ அங்கே என்ன செய்கிறாய் என்று பார்க்க உன் பெயருக்குத் திரும்பப் போனேன். கீழே மூலையில் ஒரு சின்ன மேகம் படம், அதில் அம்பு சுற்றிக்கொண்டிருந்தது. உன் போனில் நீ எடுக்கிற படமெல்லாம் அது வழியாக இங்கே இறங்கிக்கொண்டிருக்கிறது. இணைப்பை நிறுத்த மறந்திருக்கிறாய். உன் அனுமதி இல்லாமல் பார்த்தது தப்புத்தான். ஆனால் முன்னால் கிடந்ததைப் பார்க்காமல் இருக்க நான் முனிவன் இல்லை. ஜன்னல் பாதிக்கு மேல் பனி ஏறியிருக்கிற படம். கருகின தோசையும் அதைப் பார்த்துச் சிரிக்கிற மருமகளும். இதையெல்லாம் நீ எங்களுக்கு அனுப்பியதில்லை. குளிர் எப்படி என்று கேட்டால் "பரவால்லப்பா" என்பாய். அப்புறம் தீபாவளிச் சமயத்துப் படம் ஒன்று. எடைமேடை அறையில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து லாரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதுகு மட்டும்தான் தெரிகிறது. சட்டை தோளில் நைந்திருக்கிறது, கழுத்து மெலிந்திருக்கிறது. அது நான்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. நீ கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாய் என்று நாங்கள் குறைபட்டுக்கொண்ட அந்த நாட்களில், நீ என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். அதற்கு மேல் ஒரு படமும் நான் பார்க்கவில்லை.

இனி மருந்துக்கு வருகிறேன். மாறினால் போதாது, 'சைன் அவுட்' போட வேண்டும். அப்போதுதான் முந்தின ஆள் எழுந்து போகிறான் என்று தெரிந்துகொண்டேன். போட்டேன். நீ போனாய். வட்டம் நின்றது. சோதிக்க இரண்டு சீட்டு அடித்தேன், பொரி மாதிரி வந்தது. உனக்கும் இதைச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. நீ ஞாயிற்றுக்கிழமை எங்களோடு பேசும்போதும் உன் ஆபீஸ் உள்ளே ஓடிக்கொண்டிருப்பது எனக்குக் கேட்கும். "ம்... சொல்லுங்கப்பா" என்கிற அந்த 'ம்'மில் கேட்கும். மருமகளுக்கும் கேட்கும், அவள் சொல்லமாட்டாள். வீட்டுக்கு வந்தால் ஆபீஸ்காரனை முழுசாக வெளியே அனுப்பிவிட்டு உட்கார். ஆளை மட்டும் மாற்றிக்கொண்டு உட்கார்ந்தால் இரண்டு பேருமே மெதுவாகத்தான் ஓடுவீர்கள்.

அம்மாவை வரவழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு ஓ.எஸ். மேலிருந்த கோபம் போய்விட்டது. நான் மறுபடி உன் பெயரில் உள்ளே போய் 'சைன் அவுட்'டில் விரல் வைத்துக் காட்டியபோது மட்டும், "இருங்க, சட்டுனு அமுக்காதீங்க" என்றாள். உன் வட்டப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரிய்யா, போயிட்டு வா" என்றாள். அதன்பிறகுதான் அமுக்கினேன். இனிமேல் தினமும் அப்படித்தான் செய்வதாக இருக்கிறேன். காலையில் கூப்பிட்டு, போணி முடித்து, போயிட்டு வா என்று அனுப்பிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். எந்த லாரியும் நிற்காது.

ஆகவே நாளைக்கு அந்தப் பெயரை அழிக்காதே. மேகத்தை வேண்டுமானால் நிறுத்திக்கொள், உன் படம் உன்னோடு இருக்கட்டும். அழித்தே ஆகவேண்டும், உன் தொழில் சுத்தம் அப்படி என்றால், நான் தடுக்கமாட்டேன். ஆனால் அம்பை அனுப்பி அழிக்காதே. தை பிறந்தால் மக்காச்சோளம் மேடைக்கு வந்துகொண்டிருக்கும்; வெயில் இருக்காது, மருமகளுக்கும் ஒத்துக்கொள்ளும். நேரில் வா. உன் நாற்காலியில் உட்கார்ந்து, முதல் வண்டிக்கு உன் கையால் பொத்தானை அமுக்கு. அதற்கப்புறம் அழித்துக்கொள்.

உன் அப்பா